தேவகி பாடாத தாலாட்டு

குழந்தையை உறங்கவைக்கும் பாட்டுக்குத் தமிழர் இட்ட பெயர் தாலாட்டு. தால் என்பது நா. நாவை அசைத்து எழுப்பும் ஒலியால் துயிற்றுவது என்பது அப்பெயரின் பொருள். ஆகவே ஒலிதான் இங்கே முதன்மை. சொல் அதற்கு அடுத்தது. பாட்டில் சொற்கள் குறைந்து, ஓசை தாழ்ந்து, ஆராரோ என்னும் ஒலி மட்டும் எஞ்சும்போதுதான் குழந்தையின் இமைகள் மூடுகின்றன.

ஏட்டில் ஏறிய தாலாட்டுகளுள் மிகப் பழையவை ஆழ்வார்களுடையவை. 9ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்த பெரியாழ்வார், யசோதையின் நிலையில் நின்று கண்ணனைத் தொட்டிலிட்டார். பிரமன் பொற்றொட்டில் விடுத்தான், சிவனும் இந்திரனும் அணிகள் அனுப்பினர் என்று அங்கே பரிசுப் பட்டியல் நீளும். இதனை ஆழ்வாரின் தனிக் கற்பனையாகக் கொள்வது பொருந்தாது. மாமன் கொண்டுவந்த சீர், பாட்டி தந்த பாலாடை என்று எண்ணிக்கொண்டே தொட்டிலை ஆட்டுவது நாட்டுப்புறத் தாயின் வழக்கம். மாமன் இருந்த இடத்தில் ஆழ்வார் தேவரை அமர்த்தினார் எனலாம். எழுத்தறியாப் பெண்டிரே இங்குப் புலவர்க்கு ஆசிரியர்.

குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் எட்டாம் பதிகம் இராமனுக்குரிய தாலாட்டு. அது பலர்க்கும் தெரியும். அதற்கு முந்தைய ஏழாம் பதிகமோ உலகில் வேறெங்கும் காண்டற்கரியது. அது தேவகியின் புலம்பல். பெற்ற இரவிலேயே மகன் ஆயர்பாடிக்குப் போய்விட்டான். தாலேலோ என்று வாய்நிறையப் பாடும் பேறு யசோதைக்குக் கிட்டியது. மகன் தவழ்ந்தும் தளர்நடை நடந்தும் புழுதி படிந்த மேனியோடு வந்து தன் மார்பில் சாயவில்லையே என்று தேவகி ஏங்குகின்றாள். பாடப்படாத தாலாட்டே அங்குப் பாட்டாயிற்று.

பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ் எழுந்தது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்கன்மீது பாடினார். தாலப் பருவம் அதன் பத்துப் பருவங்களுள் ஒன்றாயிற்று. புலமைக்குக் குறைவில்லை; ஆனால் நெடிய சந்தத்தில் அமைந்த அச்செய்யுளைத் தொட்டிலருகே பாடினால் உறங்கிய பிள்ளையும் விழித்துக்கொள்ளும்!

தாலாட்டு பெண்டிர் வாயிலேயே வாழ்ந்தது. அவர்களோடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்தது. இங்கே அதற்குத் தேவகியின் நிலை வாய்த்தது. இரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது விடியற்குளிரில். எனவே பொழுது புலருமுன் பெரட்டுக்குச் செல்லவேண்டும். தாய் உறங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிச் சென்று ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மரம் வெட்டப் போனாள். அங்கே வரிசையாகத் தூளிகள். மரம் வெட்டும் வலுவிழந்த முதியவள் ஒருத்தி ஒன்றை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவாள். எந்தப் பிள்ளைக்கும் அவளிடம் பாட்டு ஒன்றுதான். அதிலே பிள்ளையை அடித்தவர் யார் என்ற கேள்வி வரும், மாமன் வருவான், மாமன் சீர் வரும். அப்பிள்ளைகளுள் பலர்க்கு மாமன் கடலுக்கு அப்பால் ஏதோ ஓர் ஊரில் இருந்தான். அவன் முகத்தை அவர்கள் கண்டதில்லை.

மாலையில் லயத்து வீட்டில் தாய் தன் தூளியை ஆட்டினாள். மறுநாளும் இருளில் எழவேண்டும் என்பதால் பிள்ளை விரைவில் உறங்கவேண்டும் என்பது அவள் கவலை. பல நாள்களில் பாட்டு நடுவிலேயே நின்றுவிடும். பிள்ளைக்கு முன்னே தாய் உறங்கியிருப்பாள்.