ஈர்ப்பது எது?

'ஈர்த்தல்' நம் மொழியின் பழைய வினைகளுள் ஒன்று. இழுத்தல் என்பதே அதன் நேர்பொருள். வெள்ளம் கட்டையை ஈர்க்கும்; காந்தம் இரும்பை ஈர்க்கும். இனிய குரல் உள்ளத்தை ஈர்க்கிறது என்னும்போது அதே வினை உருவகமாகிறது. அங்கே கயிறுமில்லை, காந்தமுமில்லை. இருப்பது சொல்லின் நயம்! நயத்தை நயமாகக் கொண்டால் இன்பம். அதையே உண்மைப் பொருளாகக் கொண்டால்?

திண்டுக்கல் பூட்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்நகரின் பூட்டுப் பட்டறையில், அரத்தால் அராவி விழுந்த தூளருகே காந்தத்தை நீட்டிப் பாருங்கள். இரும்புத்தூள் பாய்ந்து ஒட்டும். பித்தளைத்தூள் அசையாது கிடக்கும். இரும்புக்குக் காதல் மிகுதியா? பித்தளைக்குப் பக்தி குறைவா? இரும்பின் அணுக்கள் சிறுசிறு காந்தங்கள். வெளியே ஒரு காந்தம் நெருங்கினால் ஒரே திசையில் அணிவகுக்கும். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைக்கு அவ்வியல்பு இல்லை. அவ்வளவே!

அணுவின் இயல்பை அறியாத காலம் அங்கே உயிரைக் கற்பித்தது. காந்தக்கல்லுக்கு உயிருண்டு என்றார் கிரேக்க அறிஞர் தேலீசு. 'இரும்புக்குப் பிரியமானது' என்ற பொருளில் 'அயஸ்காந்தம்' என்றது வடமொழி. 1600-இல் ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட், இப்பூமியே ஒரு பெருங்காந்தம் எனச் சோதனைகளால் விளக்கி நூல் எழுதினார். கற்பனை இருந்த இடத்தில் ஆய்வு அமர்ந்தது.

ஆயினும் உருவகம் வாணிகமாயிற்று! மனித உடலிலும் காந்தம் ஓடுகிறது, அதனால் நோய் தீர்ப்பேன் என்று பாரிசு நகரில் கடை விரித்தார் மெஸ்மர். சீமான்களும் சீமாட்டிகளும் திரண்டனர். 1784-இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி ஆய்வுக்குழு அமைத்தார். பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாசியேயும் அதில் இருந்தனர். மெஸ்மரின் சீடர் ஒரு மரத்துக்குக் 'காந்தமேற்றினார்'. கண் கட்டப்பட்ட சிறுவனை மரம் மரமாக அழைத்துச் சென்றனர். அவன் மயங்கி விழுந்ததோ காந்தமேற்றாத மரத்தடியில்! மயக்கியது காந்தமன்று, நம்பிக்கையே என்று குழு தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்தது, கடை மூடவில்லை. கணவனை ஈர்க்கத் தகடு, செல்வத்தை ஈர்க்கக் கல் என்று இன்றும் விற்கின்றனர். நினைத்தாலே பணம் வரும் என்று 'ஈர்ப்பு விதி' போதிக்கின்றனர். வாங்குபவரோ பெரும்பாலும் வறியவர். போவது அவர்தம் வியர்வைக் காசு!

இளைஞனே, ஏன் போகிறோம் என்று இரும்புத்தூள் கேட்பதில்லை; கேட்க அதற்கு மூளை இல்லை. உனக்கு உண்டு. மேடை உன்னை ஈர்க்கட்டும், ஏடு ஈர்க்கட்டும். ஈர்ப்பது எதுவென்று கேட்டுவிட்டுப் போ!