ஓர் அகராதியின் முகப்புப் பக்கம்



கூவத்தின் வளைவில் நெசவாளர் குடியிருப்பாகத் தோன்றிய நமது சிந்தாதிரிப்பேட்டை, பிற்காலத்தில் அமெரிக்க மிஷனின் நிலையங்களுள் ஒன்றாயிற்று. அம்மிஷனை 1836இல் சென்னையில் தொடங்கிய இருவர், மருத்துவர் ஜான் ஸ்கட்டரும் மைரன் வின்சுலோ ஐயரும் ஆவர். வின்சுலோவின் வாழ்க்கையை இவ்வாரம் சிந்திப்போம்.

1789இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்த அவர், 1819இல் மனைவி ஹாரியட்டுடன் கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். உடுவிலில் 1824இல் பெண்களுக்கு விடுதிப்பள்ளி தொடங்கிய அந்த அம்மையார், 1833இல் அங்கேயே மரித்தார். துயரத்தோடு சென்னைக்கு வந்த வின்சுலோ, போதகப் பணிக்கு இடையே மற்றொரு பாரத்தையும் சுமந்தார். ஆங்கிலத்தில் பொருள் கூறும் தமிழ் அகராதி அது. யாழ்ப்பாணத்தில் ஜோசப் நைட் ஐயர் அதற்கெனச் சொற்களைத் திரட்டிவந்தார். வேலை முடியுமுன் மரணம் அவரை அழைத்துக்கொண்டது. மீந்த கையெழுத்துப் படிகளோடு வின்சுலோ இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். புலவர் இராமாநுசக் கவிராயர் முதலிய தமிழறிஞர்கள் துணைநின்றனர். 1862இல் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் நூல் வெளிவந்தது. அதில் 67,000க்கு மேற்பட்ட சொற்கள் இருந்தன.

அதன் முகப்புப் பக்கத்தைக் கவனியுங்கள். தம் பெயருக்குக் கீழே, இந்நாட்டு அறிஞர்களின் உதவியையும், மறைந்த நைட் ஐயரும் பிறரும் விட்டுச்சென்ற ஏடுகளையும் வின்சுலோ அறிக்கையிட்டார். ஆயினும் அவ்வறிஞர்களின் பெயர்கள் அப்பக்கத்தில் இல்லை. நன்றியும் குறைவும் ஒரே தாளில் நிற்கின்றன.

1864இல் தாய்நாடு திரும்பும் வழியில், நன்னம்பிக்கை முனையில் அவர் மரித்தார். தம் ஊரை அவர் மறுபடியும் காணவில்லை. அவருடைய அகராதியோ தொடர்ந்து வாழ்ந்தது. 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் பேரகராதிப் பணியைத் தொடங்கியபோது அதையே அடிப்படையாகக் கொண்டது. அப்பணியின் முதற்பதிப்பாசிரியர் சாண்ட்லர் ஐயரும் அமெரிக்க மிஷனரியே.

பிரியமானவர்களே, நீங்கள் முடிக்காமல் விடப்போகும் வேலையைக் குறித்துக் கலங்குகிறீர்களா? வேறொருவர் தொடங்கியதை நாம் முடிப்பது தாழ்வு என்று எண்ணுகிறீர்களா? விதைப்பவரும் அறுப்பவரும் ஒரே எஜமானின் வயலில் இருக்கிறார்கள். நம் சபையில் உழைத்தும் பெயர் எழுதப்படாதவர் ஒருவரை இவ்வாரம் தேடிச்சென்று நன்றி கூறுங்கள். முகப்புப் பக்கம் மறந்த பெயர்களைக் கர்த்தர் மறவார். ஆமென்.