ஏரிக்கரையில் யார் நின்றார்கள்?

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏரிகளைத் தூர்வார வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் குடிமராமத்து என்ற பழைய வழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. அன்று ஊரே கூடிக் கரையை உயர்த்தியது, இன்று எல்லாவற்றுக்கும் அரசின் கையைப் பார்க்கிறோம் என்ற ஆதங்கம் அது. ஆனால் 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. கரை உடையும் ஆபத்தில் அது வேலைக்கு அழைத்தது உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த, உடல்வலுவுள்ள ஆண்களை, நிலக்கிழார்களை அல்ல. ஊர் வழக்கப்படி கூட்டாகச் செய்யும் வேலைக்கு வராதவர் அதன் மதிப்பில் இரு மடங்கு கட்ட வேண்டும் என்றது. எல்லாரும் மனமுவந்து வந்திருந்தால் இந்தத் தண்டம் எதற்கு?

வெள்ளையர் ஆட்சியின் வரிச்சுமைதான் பழைய ஒற்றுமையைக் குலைத்தது, சட்டம் அந்தச் சிதைவின் அடையாளம் என்று மறுக்கலாம். அதில் பாதி உண்மை உண்டு. ஏரிப் பராமரிப்புக்கென்று ஊரில் ஒதுக்கப்பட்ட வருவாயும் மானிய நிலமும் அந்த ஆட்சியில் நலிந்தன. ஆயினும் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பாருங்கள்: ஏரி வாரியத்துக்குக் குடவோலை என்னும் குலுக்கலில் பெயர் இட, பொதுவாகக் கால்வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். (குடவோலையைப் புகழ்வோர் இந்தத் தகுதியைச் சற்று வேகமாகவே கடந்துவிடுகிறார்கள்.) நீரைப் பற்றி முடிவெடுத்தவர் நிலம் உள்ளவர், மண் சுமந்தவர்களில் நிலமற்றோர் பலர். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்தை மீட்டபோதும், தூர்வாரிய ஏரியால் பாசனம் பெறாத கூலிக் குடும்பத்துக்கு அதில் என்ன பங்கு என்பது விவாதத்தின் மையத்துக்கு வரவில்லை.