தெரிந்தே: ஒரு சொல்லுக்கு 24 மாதம்

பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை இருக்கு. எந்த ஊர்க்காரர், எந்த நாள், ஏரியில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதை மீனவக் கிராமங்களே முறை வைத்து, குலுக்கல் போட்டு முடிவு பண்ணிக்கொள்கிறார்கள். ஊர்த் தலைக்கட்டில் பேர் இருந்தால்தான் பாடு.

இப்போ ஒரு வாக்கியம் சொல்றேன். ‘அவன் தெரிந்தே அடுத்த ஊர்ப் பாட்டில் வலை போட்டான்.’ அவனுக்கு என்ன தெரியும்? வலை போட்டது மட்டுமா, இல்லை அது அடுத்த ஊர்ப் பாடு என்பதுமா? ‘தெரிந்தே’ எதுவரைக்கும் நீளுது? கோட் எழுதுறவங்களுக்கு இது பழகிய தலைவலி. ஒரு தொழிலாளிக்கோ 2 வருஷ ஜெயில்.

இக்னாசியோ ஃப்ளோரெஸ்-ஃபிகெரோவா, மெக்சிகோக்காரர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஓர் எஃகு ஆலையில் வேலை. 2000இல் பொய்ப் பெயரும், பொய்யான சமூகப் பாதுகாப்பு எண்ணும் கொடுத்துச் சேர்ந்தார். அந்த எண் யாருக்குமே சொந்தமில்லை. ஆறு வருஷம் ஓடிடுச்சு. 2006இல் தன் சொந்தப் பெயரிலேயே புது அட்டைகளைக் கொடுத்தார். அவையும் போலிதான். ஆனால் இந்த முறை அதில் இருந்த எண்கள் நிஜமாகவே வேறு ஆட்களுடையவை. நிறுவனம் குடியேற்றத் துறைக்குத் தகவல் சொன்னது. பொய்ப் பெயரில் தப்பித்தவர், உண்மைப் பெயரைச் சொன்னபோது மாட்டினார். அங்கேதான் எனக்கு மனசு நின்னுடுச்சு.

போலி ஆவணத்துக்கும் சட்டவிரோதமாக நுழைந்ததற்கும் 51 மாதம். கூடவே, 2004இல் வந்த ஒரு சட்டப்படி ‘தெரிந்தே’ இன்னொருவர் அடையாளத்தைப் பயன்படுத்தியதற்குத் தனியாக 24 மாதம். நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாத 24. மேல்முறையீட்டில் அவர் கேட்டது ஒன்றுதான்: அந்த எண் இன்னொரு ஆளுடையது என்று எனக்குத் தெரியும்னு நிரூபித்தீர்களா? அட்டை போலி என்று தெரிந்திருந்தால் போதும் என்றது அரசு. மேல்முறையீட்டு நீதிமன்றமும் தலையாட்டியது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

இதற்கிடையில் அதே பிரிவு வேறு இடத்தில் வேலை செய்தது. 2008 மே 12, அயோவா மாநிலத்தின் போஸ்ட்வில். ஓர் இறைச்சி ஆலையில் 389 பேர் கைது, பெரும்பாலும் குவாத்தமாலாக்காரர்கள். மாட்டுச் சந்தை நடக்கும் மைதானத்தில் தற்காலிகக் கோர்ட் போட்டார்கள். குற்றத்தை ஒத்துக்கிட்டா 5 மாதம், நாடு கடத்தலை எதிர்க்கக் கூடாது. மறுத்தால் அந்த 2 வருஷப் பிரிவு. யோசிக்க ஏழு நாள். மொழிபெயர்ப்பாளராக இருந்த எரிக் காமாய்த்-ஃப்ரெய்சாஸ், பலருக்கு அந்த எண் என்னவென்றே புரியவில்லை என்று பிறகு எழுதினார். 270 பேர் 5 மாதச் சிறைக்குப் போனார்கள்.

2009 மே 4 அன்று தீர்ப்பு வந்தது. நீதிபதி ஸ்டீவன் பிரையர் எழுதியது. முடிவில் ஒன்பது பேருக்கும் ஒரே கருத்து. ‘தெரிந்தே’ என்பது வாக்கியத்தின் கடைசி வரை போகும். அந்த எண் வேறொரு மனிதருடையது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

ஃப்ளோரெஸுக்கு அந்த 24 மாதம் நிற்கவில்லை. 51 மாதம் அப்படியே இருந்தது, அதை அவர் எதிர்க்கவும் இல்லை. போஸ்ட்வில் ஆட்களில் பெரும்பாலானோர் அதற்குள் 5 மாதத்தையும் முடித்து, நாடு கடத்தப்பட்டிருந்தார்கள்.