தானாகப் பெருகும் செல்வம்

பேச்சிப்பாறை அணைக்கட்டிலிருந்து இரண்டு மைல் தள்ளி என் தங்கையின் வீடு இருக்கிறது. வீட்டைச் சுற்றி இருநூறு ரப்பர் மரம். அதுதான் அவர்கள் சொத்து. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அங்கே போய் நாலு நாள் தங்குவது என் வழக்கம். மலைக்காற்றுக்காகப் போகிறேன் என்று ஊரில் சொல்லிக்கொள்வேன். உண்மையில் தங்கை வைக்கும் மீன் குழம்புக்காகத்தான்.

சென்ற வருஷம் மே மாதம் போனபோது குழம்பு மணக்கவில்லை. தங்கை முகம் கொடுத்துப் பேசவில்லை. மருமகன் கட்டிலுக்கடியில் ஒளியாத குறை. விசாரித்ததில் விஷயம் வெளிவந்தது. மழைக்காலத்திலும் பால் வெட்ட வேண்டுமானால், வெட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பிளாஸ்டிக் மறைப்பு ஒட்டியாக வேண்டும். அதற்கென்று பாங்கியில் வைத்திருந்த பணத்தில் 4,700 ரூபாயைக் காணவில்லை. திருடன் வரவில்லை. பதினான்கு வயசுப் பையன் அம்மாவின் செல்போனில் ஒரு விளையாட்டு ஆடியிருக்கிறான். 89 ரூபாய், 149 ரூபாய் என்று மூன்று மாதத்தில் கரைந்துவிட்டது.

"சூதாட்டமாலே ஆடினே?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. இதுல ஜெயிக்கிறதும் இல்ல, தோக்கிறதும் இல்ல. காசு தானா பெருகும். நாம ஒண்ணும் செய்யாண்டாம்."

"ஒண்ணும் செய்யாண்டாம்னா, பிறகு எதுக்குலே ரூபாய் கெட்டினே?"

"சீக்கிரம் பெருகணும்லா, மாமா."

இந்த விளையாட்டுகளின் சரித்திரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருக்கிறது என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஊர் திரும்பிய பிறகு தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க வேடிக்கையாகவும் இருந்தது; வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

முதலில் இது கேலியாகத்தான் பிறந்தது. மாயாஜால வீரனாக வேஷம் போட்டு, அரக்கர்களைக் கொன்று கொன்று பலம் சேர்க்கும் கம்ப்யூட்டர் ஆட்டங்கள் பிரசித்தமாக இருந்த காலம். 2002-ல் எரிக் பிரெட்ரிக்சன் என்பவர் அவற்றைப் பரிகசித்து 'பிராக்ரஸ் குவெஸ்ட்' என்று ஒன்றைச் செய்தார். வீரனுக்கு ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும். பிறகு அவனே சண்டை போட்டு, அவனே கொள்ளையடித்து, அவனே விற்று, அவனே பலசாலியாகிவிடுவான். ஆடுகிறவர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அதற்குக் காசும் கேட்கவில்லை.

2009-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஜூன் மாதம் ஜிங்கா கம்பெனியின் 'பார்ம்வில்' பேஸ்புக்கில் வந்தது. காகிதமும் மண்ணும் இல்லாத விவசாயம். விதைத்துவிட்டுச் சில மணி நேரம் காத்திருந்து அறுக்க வேண்டும், நேரத்துக்கு வராவிட்டால் பயிர் வாடிவிடும். அடுத்த வருஷமே மாதத்துக்கு 8 கோடிப் பேர் அதில் உழுதுகொண்டிருந்தார்கள். அக்டோபரில் ஆப்பிள் கம்பெனி, இலவசமாகக் கொடுக்கும் செயலிகளுக்குள்ளேயே சாமான் விற்கலாம் என்று அனுமதித்தது. வாசலில் தர்மச் சத்திரம் என்று பலகை. உள்ளே போனால் மிட்டாய்க் கடை.

இதைப் பார்த்து நொந்துபோன அமெரிக்கப் பேராசிரியர் இயான் போகோஸ்ட், 2010-ல் 'கௌ கிளிக்கர்' என்ற ஆட்டத்தை உண்டாக்கினார். திரையில் ஒரு பசு நிற்கும். அதை ஒரு தட்டுத் தட்டலாம். மறுபடி தட்ட ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். பொறுக்க முடியாதவர்கள் பணம் கட்டலாம். ஆட்டம் அவ்வளவுதான். கேலி என்று புரிந்துகொள்ள இதைவிட என்ன வேண்டும்? ஆனால் 50,000 பேருக்கு மேல் வந்து சிரத்தையாகத் தட்டினார்கள். அவர் அதே பசுவை மறுபக்கமாகத் திருப்பி நிறுத்தி அதிக விலை போட்டார், அதையும் வாங்கினார்கள். கடைசியில் 2011 செப்டம்பரில் பசுக்களையெல்லாம் மறைத்துவிட்டார். பசு நின்ற வெற்றிடத்தைத் தட்ட மட்டும் வசதி இருந்தது. அப்படியும் தட்டிக்கொண்டிருந்தவர்கள் உண்டு!

2013-ல் ஜூலியன் தியென்னோ என்ற பிரெஞ்சு இளைஞர் செய்த 'குக்கி கிளிக்கர்'தான் இந்த ஆட்டத்துக்கு இலக்கணம் வகுத்தது. தட்டினால் ஒரு பிஸ்கோத்து. 15 சேர்ந்தால் தானாகத் தட்டும் ஒரு கையை வாங்கலாம். அப்புறம் பிஸ்கோத்துச் சுடும் பாட்டியை வாங்கலாம். ஒவ்வொன்று வாங்கும்போதும் அடுத்ததன் விலை நூற்றுக்குப் பதினைந்து ஏறும். கணக்கில் நான் பெரிய புள்ளி அல்ல. இருந்தாலும் போட்டுப் பார்த்தேன். ஐம்பதாவது கையின் விலை 14,000 பிஸ்கோத்துக்கு மேல். நூறாவது கையின் விலை ஒன்றரைக் கோடி.

அம்பலப்புழைக் கதை நம் பக்கத்தில் தெரியாதவர் இல்லை. சதுரங்கத்தில் தோற்ற ராஜா, முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நாலு என்று கொடுக்க ஒப்புக்கொண்டு, கஜானாவைக் காலி செய்தும் கடன் அடையாமல், கிருஷ்ணனுக்கு இன்றுவரை பால்பாயசமாகக் கட்டிக்கொண்டிருக்கும் கதை. இந்த ஆட்டத்தில் ராஜா நாம்தான். செல்வம் பெருகுகிறது என்று நாம் மகிழும்போது கடன் அதைவிட வேகமாகப் பெருகிவிடுகிறது. மருமகனுடைய கணக்கில் கோடானுகோடி இருந்தது. ஆனால் அடுத்த சாமானை வாங்க எப்போதும் கொஞ்சம் குறைந்தது. அந்தக் கொஞ்சத்தின் விலைதான் 89 ரூபாய்.

அந்த மே மாதம் அணையின் மேல் நின்றுகொண்டு யோசித்தது நினைவுக்கு வருகிறது. சும்மா இருக்கும்போது பெருகுவது என்பது நாஞ்சில் நாட்டானுக்குப் புதிதல்ல. கோதையாற்றின் குறுக்கே 1897-ல் ஆரம்பித்து 1906-ல் முடித்த அணை இது. திருவிதாங்கூரை ஸ்ரீமூலம் திருநாள் ஆண்ட காலத்தில், மிஞ்சின் என்ற ஐரோப்பிய எஞ்சினீயர் கட்டியது. மலையில் மழை பெய்தால், நாம் தூங்கினாலும் தண்ணீர் 48 அடிக்கு ஏறும். ஜூன் மாதம் திறந்துவிட்டால் கன்னிப்பூ விளையும். ரப்பரும் அப்படித்தான். விடிவதற்கு முன் மாப்பிள்ளை தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் ஒரு கீறல் போட்டு வருவார். பிறகு இரண்டு மூன்று மணி நேரம் பால் தானாகச் சிரட்டையில் சொட்டும்.

ஆகவே காத்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். இங்கே அது தொழிலில் பாதி. ஆனால் பால் சொட்ட அவ்வளவு நேரம் ஆகிறது, அதனால் காத்திருக்கிறோம். விளையாட்டில் ஆறு மணி நேரம் என்பது ஒருவர் எழுதிவைத்த எண். ஆறு நிமிஷம் என்று எழுதியிருந்தாலும் யந்திரத்துக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆறு மணி என்று எழுதியவரே, எழுதிய கையோடு, அதைக் குறைக்க இன்ன விலை என்றும் எழுதுகிறார். பேச்சிப்பாறையில் மதகு வைத்தது பயிருக்குத் தண்ணீரை அளந்து விடுவதற்கு. இவர்கள் மதகு வைப்பது, திறக்கக் கூலி வாங்குவதற்கு.

உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கும் இல்லை. ஆராய்ச்சி என்ற பெயரில் அதே மாதிரி ஆட்டம் ஒன்றை என் செல்போனிலும் ஏற்றினேன். மூன்றாவது வாரம், இரவு இரண்டு மணிக்கு எழுந்து என் கற்பனைத் தொழிற்சாலைகளைப் பார்த்துவிட்டுப் படுத்தேன். நாலாவது வாரம் 89 ரூபாய் கட்டினேன். ஒரு நாள் முழுவதும் சேர வேண்டியது ஒரு நிமிஷத்தில் சேர்ந்தது. உடனே சுவாரஸ்யம் போய்விட்டது. அந்த ஆட்டத்தில் இருந்ததே காத்திருப்பது ஒன்றுதான். பணம் கொடுத்து நான் வாங்கியது, அதை ஆடாமலிருக்கும் சலுகையை.

இதை உணர்ந்த வியாபாரிகளும் இல்லாமல் இல்லை. 'கிளிக்கர் ஹீரோஸ்' ஆட்டத்தை நடத்திய பிளேசாரஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, அடுத்த ஆட்டத்தை ஒரே விலைக்கு விற்போம், உள்ளே எதையும் விற்க மாட்டோம் என்று 2017-ல் அறிவித்தது. ஆடுகிறவர்கள் அளவுக்கு மீறிச் செலவழித்ததைப் பார்த்து மனம் ஒப்பவில்லையாம். 2014-ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன், பெற்றோர் சம்மதமின்றிக் குழந்தைகள் வாங்கியவற்றுக்காக, 3 கோடியே 25 லட்சம் டாலராவது திருப்பித் தரும்படி ஆப்பிளை ஒப்புக்கொள்ள வைத்தது.

நம் நாட்டில் 2025 ஆகஸ்டில், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்தக் கூடாது என்று பார்லிமெண்டில் சட்டம் வந்தது. கட்டிய பணத்துக்குப் பதில் பணம் வரும் என்ற ஆசை காட்டினால்தான் அதில் மாட்டும். மருமகன் கட்டிய 4,700-க்கு ஒரு பைசா திரும்பி வர வழியே கிடையாது. ஆகையால் அது சூதாட்டம் ஆகாது. பொருளாவது மிஞ்சுமா என்றால் அதுவும் இல்லை. 2020 டிசம்பர் 31-ந் தேதி 'பார்ம்வில்'லை மூடியபோது, அத்தனை பேருடைய வயலும் ஒரே நாளில் தரிசாகிவிட்டது.

ஐப்பசியில் மறுபடி பேச்சிப்பாறைக்குப் போனேன். பாதி மரங்களுக்குத்தான் மறைப்பு ஒட்டியிருந்தார்கள். மற்ற நூறு மரமும் மழை நாட்களில் சும்மா நின்றன. காலையில் பால் எடுக்க மருமகனும் வாளியோடு வந்தான். அது அவன் அம்மா போட்ட தண்டனை. நாலைந்து சிரட்டையைக் கவிழ்த்தவன், ஐந்தாவதில் பாதிப் பால்கூட இல்லாததைப் பார்த்து நின்றான்.

"அப்பா, இது சீக்கிரம் சொட்ட ஏதாவது வழி உண்டுமா?"

"மருந்து இருக்கு. பட்டையிலே தடவினா பால் கூடும்" என்றார் மாப்பிள்ளை. "கண்டபடி தடவினா மரம் வறண்டு போகும். அந்தா நிக்குல்லா மூலையிலே, அது அப்படிப் போனதுதான்."

பையன் மூலை மரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரட்டையைத் திரும்ப அதன் இடத்தில் வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனான்.