பூஜ்யத்தின் வருமானம்

தாஸ்தாவ்ஸ்கியின் ‘சூதாடி’ பற்றி முன்பு எழுதியபோது, விதியோடு மனிதன் நடத்தும் மோதல் என்று அதைச் சொல்லியிருந்தேன். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனை நான் கவனிக்கவில்லை. தினமும் வங்கியில் கணக்கு நேராகும்வரை எழுந்திருக்க முடியாத எனக்கே இது தாமதமாகத்தான் உறைத்தது.

அந்தப் பக்கம் இருந்தவன் பிரான்ஸ்வா பிளாங். பாரிஸின் சூதாட்ட விடுதிகள் 1837 இறுதியோடு மூடப்பட்டபின், அவனும் சகோதரன் லூயியும் 1841-ல் ஜெர்மனியின் ஹோம்பர்க்கில் கடை விரித்தார்கள். பாரிஸில் ரூலெட் சக்கரத்துக்கு இரண்டு பூஜ்யங்கள். பிளாங் ஒன்றை எடுத்துவிட்டான். இது தாராளம் அல்ல, வியாபாரம்.

1 முதல் 36 வரை எண்கள், ஒரு பூஜ்யம். ஆக 37 குழிகள். ஓர் எண்ணில் வைத்து ஜெயித்தவனுக்கு, வைத்த பணத்தோடு அதைப்போல் 35 மடங்கு கிடைக்கும். 37 பேர் குழிக்கு ஒருவராக ஒரு பிராங்க் வைத்தால், விடுதி 37 வாங்கி 36 திருப்பித் தருகிறது. பந்து எங்கு விழுந்தாலும் சரி. நூற்றுக்கு 2.7. இரண்டு பூஜ்யமென்றால் 5.26. விகிதத்தை ஏறக்குறைய பாதியாக்கிக் கூட்டத்தைத் தன் பக்கம் இழுத்தான் பிளாங். மோசடிக்குத் தேவையே இல்லை.

இந்த 2.7, கொண்டுவந்த பணத்தின் மீது அல்ல. வைக்கிற ஒவ்வொரு பந்தயத்தின் மீதும். 100 பிராங்கோடு வந்தவன் பத்துப் பத்தாக நூறு முறை வைத்தால் புரண்டது 1000. சராசரி நஷ்டம் 27. எனவே விடுதிக்கு வேண்டியது ஆடுகிறவனின் நேரம். ஜெயித்தவனால் அதற்குப் பயமில்லை, அவன் நாளையும் வருவான். எழுந்து போய்த் திரும்பாதவன்தான் நஷ்டம்.

1863-ல் வீஸ்பாடனிலும் ஹோம்பர்க்கிலும் ஆடிய தாஸ்தாவ்ஸ்கி, 1865-ல் வீஸ்பாடனில் கையிலிருந்ததையெல்லாம் தோற்றார். 1866-ல் பதிப்பாளரின் கெடுவுக்கு அஞ்சி 26 நாட்களில் நாவலைச் சொல்லி எழுதவைத்தார். பதற்றமின்றி ஆடினால் ஜெயிக்கலாம் என்பது அவர் நம்பிக்கை. பதறாதவன் நெடுநேரம் ஆடுகிறான். பிளாங் கேட்டதும் அதைத்தான்.

1861-ல் மாந்தோன், ரோக்புரூன் ஊர்களைப் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்து வருமானமிழந்த மொனாக்கோ, 1863-ல் பிளாங்கைக் காஸினோ நடத்த அழைத்தது. 1869-ல் அங்கே குடிகளுக்கு நேர்முக வரி ரத்தாயிற்று. அந்தக் குடிகள் மட்டும் மேஜையில் ஆடக்கூடாது. கணக்குத் தெரிந்த அரசு தன் மக்களை வெளியே நிறுத்தி வைத்தது.

இதனால் நாவல் சிறுத்துவிடவில்லை. அதிலுள்ள வேதனை உண்மை. ஆனால் நான் விதி என்று எழுதிய இடத்தில் ஒருவன் பேரேடு வைத்திருந்தான். அந்த வாக்கியத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.