காளானும் குளிசையும்: இலங்கையின் காளான் ஆய்வு வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

எமது கிழக்கு மாகாணக் கிராமத்தில் மாரி தொடங்கி முதல் இடி முழங்கினால், மறுநாள் சுபஹுக்குப் பின்னர் சிறுவர்கள் ஓலைப்பெட்டியும் கையுமாகப் புற்றடிக்கு ஓடுவார்கள். இடி விழுந்தால்தான் காளான் முளைக்கும் என்பது எங்கள் உம்மாமார் சொல்லித் தந்த பாடம். ஆசிரியர் கலாசாலையில் பயிலும் காலத்தில், பாலைவன அரபிகளும் இதையே நம்பினார்கள் என்று படித்தபோது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது. மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளானான கம்ஆவை அவர்கள் 'இடியின் தாவரம்' என்று அழைத்திருக்கிறார்கள். கம்ஆ 'மன்னு' வகையைச் சேர்ந்தது என்றும், அதன் நீரில் கண்ணுக்கு நிவாரணம் உண்டு என்றும் ஸஈத் இப்னு ஸைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது.

தமிழ் மரபுக்கும் காளான் புதியதல்ல. சங்கப் புலவர்கள் அதனை ஆம்பி என்றார்கள். வறுமையைச் சொல்ல வந்த புறநானூற்றுப் புலவர் ஒருவர், சமைக்காது கிடந்த அடுப்பில் ஆம்பி முளைத்திருந்ததைக் காட்டுகிறார். யூனானி மரபிலோ காளான் மருந்துப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதீஸ் முதலாம் நூற்றாண்டில் எழுதிவைத்த மரக்காளானை அரபு மருத்துவர்கள் 'காரீகூன்' என்ற பெயரில் ஏற்றுக்கொண்டார்கள். இப்னு ஸீனாவின் (980–1037) கானூனிலும் அது மருந்துகளின் வரிசையில் உள்ளது. 1929இல் கொழும்பு பொறளையில் சுதேச வைத்தியக் கல்லூரி ஆரம்பிக்கப்பட்டபோது ஆயுர்வேதம், சித்தம் ஆகியவற்றுடன் யூனானியும் ஒரு துறையாக இடம்பெற்றது. எனவே காளானை மருந்தாகப் பார்க்கும் பார்வை எமக்கு நேற்று வந்ததல்ல.

இத்தனையையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் ராத்தா. அவர் திருமணம் முடித்து நெடுங்காலமாக வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் வசிக்கிறார். அவருக்குச் சீனி வருத்தம். 2017ஆம் ஆண்டு பாடசாலை விடுமுறையில் நான் அங்கு போயிருந்தபோது, சாப்பாட்டு மேசையில் வழமையாக இருக்கும் கிளினிக் குளிசைகளைக் காணவில்லை. அவற்றின் இடத்தில் வெளிநாட்டுப் போத்தல் ஒன்று இருந்தது. உள்ளே காளான் தூள் அடைத்த கூடுகள். ஒரு போத்தலின் விலை என் சம்பளத்தில் கணிசமான பங்கு.

"தம்பி, இது இங்கிலீஸ் மருந்து மாதிரி இல்லடா. காளான்தானே, சாப்பாடு. ஒரு கெடுதியும் வராது. இதத் தொடங்கினா மத்தக் குளிசையெல்லாம் நிப்பாட்டலாமாம்" என்றார் ராத்தா. சொன்னது யார் என்று கேட்டேன். வீடு வீடாகச் சென்று விற்கும் ஒரு தெரிந்த பெண்மணியாம். ஹதீஸைக்கூட அவர் எடுத்துச் சொன்னாராம். நான் மறுத்துப் பேசவில்லை. பேசுவதற்கு என்னிடம் அறிவும் இருக்கவில்லை. மூன்று மாதங்களின் பின்னர் ராத்தாவின் காலில் சிறு புண் ஒன்று வந்தது, ஆறவில்லை. இறுதியில் அவர் ஒரு கால்விரலை இழந்தார். அந்த நாட்களில் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான், உண்மையில் காளானுக்கும் மருந்துக்கும் என்ன தொடர்பு என்பதை அறிய வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் பிறந்தது.

இலங்கையில் பூஞ்சண ஆய்வின் வரலாறு பேராதனையில் தொடங்குகிறது எனலாம். 1849 முதல் 1880 வரை பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பாக இருந்த துவைற்ஸ், இந்நாட்டுக் காளான்களைச் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கிருந்த பாதிரியாரான பேர்க்லியும் அவரது நண்பர் புரூமும் 1870களில் அவற்றுக்குப் பெயர் சூட்டி வெளியிட்டார்கள். காளான் எம்முடையது, பெயர் அங்கே எழுதப்பட்டது.

அதே காலத்தில் ஒரு பூஞ்சணம் இந்நாட்டின் வரலாற்றையே புரட்டிப்போட்டது. 1869இல் கோப்பித் தோட்டங்களில் தென்பட்ட இலைத்துரு நோய் அது. ஹெமிலியா வஸ்டாற்றிக்ஸ் என்று அதற்குப் பெயரிட்டவர்களும் பேர்க்லியும் புரூமுமே. 1880இல் ஆய்வுக்காக வந்த மார்ஷல் வார்ட் அதன் வாழ்க்கை வட்டத்தைக் கண்டறிந்தாலும், கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி அழிந்த மலைகளில் தேயிலை ஏறியது. மலையகத் தமிழரின் வாழ்வு தேயிலையோடு பிணைந்ததற்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சணமும் இருக்கிறது.

1905இல் பேராதனைக்குப் பூஞ்சணவியலாளராக வந்த ரொம் பெற்ச், 1906இலேயே கறையான் புற்றுக் காளான்களைப் பற்றி விரிவாக எழுதினார். நாங்கள் சிறுவயதில் இடியோசை கேட்டு ஓடிப் பிடுங்கியவை இவைதாம். சிங்கள மக்கள் இவற்றை 'இந்தளொலு' என்பர். கறையான்கள் புற்றுக்குள் தோட்டம் செய்து இந்தப் பூஞ்சணத்தை வளர்க்கின்றன. மழை வந்ததும் அது குடை விரிக்கிறது. ஆகவே இடி வெறும் சாட்சிதான், விதைத்தது கறையான். 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரான பெற்ச், பூச்சிகளைக் கொன்று அவற்றின் உடலில் முளைக்கும் பூஞ்சணங்களையும் ஆராய்ந்தார். அவரும் பிஸ்பியும் சேர்ந்து தயாரித்த இலங்கைப் பூஞ்சணங்களின் பட்டியல் நூல், பெற்ச் மறைந்து இரண்டாண்டுகளின் பின்னர் 1950இல் வெளிவந்தது. இந்த நூறு ஆண்டுகளிலும் கேட்கப்பட்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: இது எந்தப் பயிரைக் கெடுக்கும்? நோயைத் தீர்க்குமா என்ற கேள்வி பின்னர்தான் வந்தது.

அக்கேள்வியை உலகம் கேட்கத் தொடங்கியது 1928இல் பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே. ஜப்பானில் அகிரா எண்டோ என்பவர் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்து, 1973இல் கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். இன்று எமது கிளினிக்குகளில் இரவில் போடச் சொல்லித் தரும் ஸ்டற்றின் குளிசைகளின் மூதாதை அதுவே. சிறுநீரக மாற்றுச் சிகிச்சையின் வெற்றியைப் பெருக்கிய சைக்ளோஸ்போரினும் ஒரு பூஞ்சணத்தின் கொடைதான். பெற்ச் ஆராய்ந்ததைப் போன்றே வண்டின் உடலில் முளைக்கும் வாழ்க்கைப் பருவமொன்று அப்பூஞ்சணத்துக்கும் உண்டு என்பது 1996இல் தெரியவந்தது. ஷீற்றாகே காளானிலிருந்து கோரோ சிஹாரா குழுவினர் 1969இல் அறிவித்த லென்றினான், 1985இல் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது புற்றுநோய் மருந்துகளுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டதேயன்றி, அவற்றை நிறுத்திவிட்டுக் கொடுக்கப்பட்டதல்ல.

ராத்தாவின் போத்தலில் இருந்தது கனோடெர்மா. சீனர் லிங்ஷி என்றும் ஜப்பானியர் ரெய்ஷி என்றும் போற்றும் மரக்காளான். வேடிக்கை என்னவெனில், இதன் உறவினங்களைத் தென்னைச் செய்கையாளர் நன்கு அறிவர். தமிழ்நாட்டில் 1952இல் கண்டறியப்பட்ட தஞ்சாவூர் வாடல் நோய்க்குக் காரணம் கனோடெர்மாதான். தென்னையின் அடியில் முளைத்தால் அது நோய், போத்தலில் வந்தால் அது மருந்து! இக்காளானைப் பற்றிக் கிடைத்த மனித ஆய்வுகளையெல்லாம் ஒன்றுதிரட்டி கொக்ரேன் அமைப்பு 2015இல் ஒரு மீளாய்வை வெளியிட்டது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் இதயநோய் அபாயங்களைக் குறைக்க இதனைப் பயன்படுத்துவதற்கு, இருக்கும் சான்றுகள் ஆதரவளிக்கவில்லை என்பதே அதன் முடிவு. என் ராத்தா அந்தப் போத்தலை வாங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே இது எழுதப்பட்டிருந்தது.

அப்படியானால் காளானில் ஒன்றுமே இல்லையா? இக்கேள்வியுடன் கொட்டாஞ்சேனையில் வசிக்கும் என் கலாசாலை நண்பரிடம் சென்றேன். அவர் விஞ்ஞான ஆசிரியர். அவரது மனைவி வீட்டின் பின்புறத்து ஈரமான சிறு அறையில் சிப்பிக் காளான் வளர்க்கிறார். இறப்பர் மரத்தூளுடன் தவிடும் சிறிது சுண்ணாம்பும் கலந்து, பொலித்தீன் பைகளில் அடைத்து, பீப்பாவில் நீராவி காட்டி, ஆறிய பின் வித்திடுகிறார். இந்நாட்டில் குடிசைத் தொழிலாகக் காளான் பரவியது இந்த முறையில்தான். "வெளிநாட்டுப் போத்தலத் தேடிப் போறீங்கள் சேர், இந்தக் காளானைப் பற்றி எங்கட ஆக்களே ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க" என்று சொல்லி நண்பர் ஒரு கட்டுரையின் பிரதியைத் தந்தார்.

ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தையும் கொழும்புப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஜயசூரிய, சுரேஷ், அபேதுங்க, வனிகதுங்க முதலியோரின் ஆய்வு அது. வெள்ளவத்தையிலிருந்து நுகேகொடை அதிக தூரமில்லை. சிப்பிக் காளானையும் அதன் இனத்தைச் சேர்ந்த அபலோன் காளானையும் அவர்கள் முதலில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 2012இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்து மனிதர்கள். 2015இல் வெளியான இந்த ஆய்வில், உடல்நிறையில் ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்ற அளவில் உலர்ந்த காளான் தூள் கொடுக்கப்பட்டு, பின்னர் குளுக்கோசும் கொடுக்கப்பட்டது. சுகதேகிகளிடத்திலும் நீரிழிவாளர்களிடத்திலும் உணவின் பின்னான குருதிச் சீனி குறைந்தது. நீரிழிவாளர்களில் இன்சுலின் சுரப்பும் கூடியிருந்தது.

கணக்காசிரியன் என்ற முறையில் நான் ஒரு கணக்குப் போட்டேன். 60 கிலோ நிறையுள்ள ஒருவருக்கு 3 கிராம் தூள். புதுக் காளானில் ஏறக்குறைய 90 சதவீதம் நீர். ஆகவே அது சுமார் 30 கிராம் புதுக் காளான், அதாவது ஒரு கைப்பிடி. கறியாக்கினால் அதே பயன் அப்படியே நிற்குமா என்பது வேறு விடயம். ஆனாலும் கொட்டாஞ்சேனைச் சந்தையில் வாங்கும் சாதாரணப் பொதியைப் பற்றி இவ்வளவு சொல்ல முடிகிறதே என்பதில் எனக்கு மகிழ்ச்சி.

எனினும் அக்கட்டுரையின் தலைப்பிலேயே இருந்த ஒரு விடயம் என்னைச் சற்று நிறுத்தியது. ஆய்வில் பங்குபற்றிய நீரிழிவாளர்கள் உணவுக் கட்டுப்பாட்டால் மட்டும் நோயைக் கவனித்து வந்தவர்கள். அதாவது குளிசை போடுபவர்கள் அல்லர். குளிசையை நிறுத்திக் காளான் சாப்பிடலாம் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவே இல்லை. அதனைச் சோதிக்கவும் இல்லை. விற்பவர்கள் இந்த ஒரு வரியைத்தான் விட்டுவிடுகிறார்கள். என் ராத்தாவின் கால்விரல் போனது இந்த ஒரு வரியின் இடைவெளியில்தான்.

கம்ஆவுக்கும் இதுவே பொருந்தும். 2004இல் ஜோர்தானிய ஆய்வாளர்கள் அதன் நீர்ச்சாற்றில் ஸ்டபிலோகொக்கஸ் பற்றீரியாவைத் தடுக்கும் தன்மை இருப்பதைக் கண்டார்கள். ஈமான் கொண்ட உள்ளத்துக்கு அது இனிக்கும் செய்தி. ஆனால் அது ஆய்வுகூடத் தட்டில் கண்ட முடிவு. நோயாளியின் கண்ணில் அல்ல. தட்டிலிருந்து எலிக்கும், எலியிலிருந்து மனிதனுக்கும், சில மனிதரிலிருந்து பலருக்கும் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். இப்னு ஸீனாவே மருந்தை மனித உடலில் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விதி வகுத்தவர். அவரை எங்கள் பெருமையாகச் சொல்லும் நாம் அந்த விதியை மறப்பது நியாயமா?

2005–2006 காலப்பகுதியில் நடத்தப்பட்ட தேசிய ஆய்வின்படி அப்போது இலங்கையில் வயதுவந்தோரில் 10.3 சதவீதமானோர் நீரிழிவாளர்களாக இருந்தார்கள். மாகாணங்களில் மேல் மாகாணமே முன்னிலையில் இருந்தது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு தொடர்மாடியில் ஏறிக் கதவுகளைத் தட்டினால், இந்நோயாளி இல்லாத மாடி அரிது. விற்பவர்கள் ஏன் அங்கு ஏறுகிறார்கள் என்பது இப்போது விளங்குகிறது.

ராத்தா இன்று நலம், அல்ஹம்துலில்லாஹ். கிளினிக் குளிசைகள் மீண்டும் மேசைக்கு வந்துவிட்டன. கொட்டாஞ்சேனை நண்பரின் வீட்டிலிருந்து கிழமைக்கொரு பொதி காளானும் வருகிறது. தேங்காய்ப்பால் குறைத்து, மிளகு தூக்கலாகப் போட்டு அவர் சமைக்கும் காளான் கறிக்கு நான் ரசிகன். சென்ற விடுமுறையில் சோறு பரிமாறும்போது அவரே சொன்னார்: "காளான் கறிக்கு, குளிசை வருத்தத்துக்கு. ரெண்டையும் குழப்பிக்கொண்டதுதான் நான் செஞ்ச பிழை."

இதைவிடத் தெளிவாக நானும் சொல்வதற்கில்லை. வாசகர்களின் வீட்டு மேசையிலும் ஒரு புதிய போத்தல் வந்திருந்தால், பக்கத்தில் இருந்த பழைய குளிசைகள் எங்கே என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். 2017இல் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.